2 டிபி டிஸ்க், ஒரு சர்வர், 1,800 ஆய்வேடு: கல்லூரிக் களஞ்சியத்தை எப்படிக் கட்டுவது?

மஞ்சக்குப்பம் நூலகர்

வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரி நூலகத்துக்காகக் கேட்கிறேன். கையில் இருப்பவை: எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகள் சுமார் 1,800 (பாதிக்கு மேல் தட்டச்சுப் படிகள்), தமிழ் மன்றம் 1970களிலிருந்து நடத்திய காலாண்டிதழின் தொகுதிகள், நன்கொடையாக வந்த 12 ஓலைச்சுவடிக் கட்டுகளின் படங்கள். கொஞ்சம்தான் ஸ்கேன் ஆகியிருக்கிறது. ஆனவரைக்கும் கூகுள் டிரைவில் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கிறது. புத்தகப் பட்டியலுக்கு கோஹா என்ற மென்பொருள் ஓடுகிறது.

நிர்வாகம் ஒரு சர்வர் தருகிறது: 16 ஜிபி ரேம், 2 டிபி டிஸ்க். ஆள் நான் ஒருவன்தான். வாரத்தில் இரண்டு நாள் கணினித் துறைத் தம்பி ஒருவர் வருவார். "டிஸ்பேஸ் போடுங்க" என்கிறார்கள், களஞ்சியம் நடத்தும் இலவச மென்பொருளாம்.

டிரைவில் இல்லாத எது இதில் கிடைக்கப் போகிறது? உள்ளே என்னென்ன பாகங்கள், எது விழுந்தால் எது போகும்? 2 டிபி போதுமா? பேக்கப் வைக்க புதுச்சேரியில் வேறொரு கல்லூரி இடம் தருவதாகச் சொல்கிறது, அது சரிவருமா?

---

முத்தியால்பேட்டை

சார், டிரைவ் என்பது வெறும் இடம். களஞ்சியம் என்றால் மூன்று உறுதி கொடுக்கிறீர்கள்: இன்று போட்ட கோப்பு ஒரு பிட்கூட மாறாமல் இருக்கும், அது என்ன, யாருடையது என்ற விவரம் அதோடேயே இருக்கும், அதன் முகவரி மாறாது. டிரைவில் யாரோ ஃபோல்டர் பெயரைத் திருத்துவார்கள், யாரோ ஃபைலின் மேலேயே சேமிப்பார்கள், கணக்கு வைத்திருந்தவர் ஓய்வு பெற்றுவிடுவார். மூன்று உறுதியும் போச்சு.

மின்னணுக் காப்பகங்களுக்கான ஓஏஐஎஸ் என்ற மாதிரி (ஐஎஸ்ஓ 14721, முதலில் வந்தது 2003இல்) இந்த வேலையை ஆறாகப் பிரிக்கிறது: உள்வாங்கல், காப்புச் சேமிப்பு, விவர மேலாண்மை, நிர்வாகம், பாதுகாப்புத் திட்டமிடல், வழங்கல். ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதில் பிடித்துக்கொள்ள வேண்டியது, ஒரே பொருளுக்கு மூன்று பொதி உண்டு என்பதை. மாணவர் கொண்டுவந்து தருவது ஒன்று, நீங்கள் பூட்டி வைப்பது ஒன்று, வாசகர் இறக்கிக்கொள்வது ஒன்று. ஆய்வேடு என்றால் பூட்டி வைப்பதில் பிடிஎஃப்-ஏ (நெடுங்காலக் காப்புக்கான பிடிஎஃப் வடிவம்), மூல வேர்டு ஃபைல், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) நான்கும் இருக்கட்டும். வாசகருக்கு எடை குறைந்த பிடிஎஃப் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல் என்று வைத்தால், "பக்கம் திறக்க நேரமாகிறது" என்று ஒருநாள் யாராவது அசலையே சுருக்கிவிடுவார்கள்.

இனி பாகங்கள். டிஸ்பேஸ் 7 (2021) முதல் முகப்பும் பின்புறமும் தனித்தனி. முகப்பு ஆங்குலரில் எழுதியது, நோட் என்ற இயக்கச் சூழலின் மேல் 4000ஆம் போர்ட்டில் நிற்கும். பின்புறம் ஜாவா, 8080. தேடலுக்கு சோலார், 8983. விவரங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், கோப்புகள் அசெட்ஸ்டோர் என்ற சாதாரண ஃபோல்டரில்.

முகப்பு விழுந்தால் பக்கம் தெரியாது, அவ்வளவுதான். சோலாரின் தேடல் இண்டெக்ஸ் போனால் ஒரே கட்டளையில் டேட்டாபேஸிலிருந்து மறுபடி கட்டலாம். ஆனால் அதே சோலாருக்குள் இருக்கும் பார்வை, பதிவிறக்க எண்ணிக்கைக்கு வேறு மூலம் கிடையாது. அதை மாதம் ஒருமுறை தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள்.

உயிர் இருப்பது போஸ்ட்கிரெஸிலும் அசெட்ஸ்டோரிலும்தான். அசெட்ஸ்டோருக்குள் எட்டிப் பாருங்கள். கோப்பின் பெயர் 38 இலக்க எண். பிடிஎஃப் என்ற வால்கூட இருக்காது. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கத்தை இரண்டிரண்டாக உடைத்து மூன்றடுக்கு ஃபோல்டர். 721305 என்று தொடங்கும் கோப்பு, 72 என்ற ஃபோல்டருக்குள் 13, அதற்குள் 05, அங்கே கிடக்கும். எது யாருடைய ஆய்வேடு என்பது டேட்டாபேஸுக்கு மட்டும்தான் தெரியும். டேட்டாபேஸ் இல்லாத அசெட்ஸ்டோர், லேபிள் கிழிந்த மருந்துக் கடை.

அதனால் பேக்கப்பில் வரிசை முக்கியம். முதலில் டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல் ஃபைல்), பிறகு அசெட்ஸ்டோர் நகல். அசெட்ஸ்டோரில் ஒருமுறை எழுதிய கோப்பு மாறுவதில்லை, புதிது சேரும் அவ்வளவுதான். ஆகவே டம்ப் குறிப்பிடும் கோப்பு எல்லாம் பின்னால் எடுத்த நகலில் நிச்சயம் இருக்கும். மாற்றி எடுத்தால், இடையில் ஏறிய ஆய்வேட்டின் விவரம் இருக்கும், கோப்பு இருக்காது. நீக்கிய கோப்புகளை நிஜமாகவே அழிக்கும் கிளீனப் கட்டளையை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓட விடாதீர்கள். நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைப் போடும்போது டெலிட் விருப்பமும் வேண்டாம்.

கான்ஃபிக் ஃபைல், ஹேண்டில் (மாறாத முகவரி தரும் அமைப்பு) சர்வரின் சாவி ஃபைல்கள் இரண்டையும் சேர்த்து எடுங்கள். அளவில் சின்னது என்பதால் மறந்துபோவது இதுதான்.

---

பாகூர் ஏரி

2 டிபி பற்றி யாரும் கணக்குப் போடவில்லையே. ஏ4 பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 பெருக்கல் 3508 புள்ளி. வண்ணம் என்றால் புள்ளிக்கு 3 பைட், ஆக சுருக்காத டிஃப் படம் ஒன்று சுமார் 26 எம்பி. 250 பக்க ஆய்வேடு 6.5 ஜிபி. 1,800 ஆய்வேட்டையும் அப்படி எடுத்தால் 11.7 டிபி. கிரேஸ்கேலில் எடுத்தால் பக்கத்துக்கு 8.7 எம்பி, மொத்தம் 4 டிபியை ஒட்டி வரும். எப்படிப் பார்த்தாலும் 2 டிபியில் அடங்காது, அதுவும் ஒரு பிரதிக்கே.

தட்டச்சுப் படிக்கு வண்ணம் தேவையில்லை. ஆனால் கறுப்பு-வெள்ளைக்கும் இறங்காதீர்கள். கார்பன் நகலில் புள்ளி எழுத்தின் புள்ளி மங்கலாக இருக்கும், ஸ்கேனர் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். 'கல்' 'கல' ஆகிவிடும். கிரேஸ்கேல் 300 டிபிஐ, இழப்பில்லாச் சுருக்கம், இதுதான் நடுவழி. படம், வரைபடம் உள்ள பக்கங்கள் மட்டும் வண்ணம். கணினியிலேயே உருவான ஆய்வேடுகளை அச்செடுத்து ஸ்கேன் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மூல ஃபைலிலிருந்து நேராக பிடிஎஃப்-ஏ எடுத்து, வெராபிடிஎஃப் என்ற கருவி வைத்துச் சரிபார்த்து ஏற்றுங்கள்.

ஸ்கேன் மாஸ்டர்களை, அதாவது அசல் படங்களை, டிஸ்பேஸுக்குள் போட வேண்டிய அவசியமும் இல்லை. வாசிப்பு பிடிஎஃப் டிஸ்பேஸில், மாஸ்டர் டிஃப் தனி டிஸ்கில் பேக்கிட் பொதியாக. அப்போது சர்வரின் 2 டிபி தாராளம்.

புதுச்சேரிப் பிரதி பற்றி: வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைத் தொலைதூரப் பிரதி என்று எண்ணாதீர்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 25 கி.மீ.க்குள்தான். 2011 டிசம்பர் 30 தானே புயல் சரியாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 பெஞ்சலிலும் புதுச்சேரி மூழ்கிய அதே நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. ஒரே புயல் இரண்டு பிரதியையும் தொடும் என்றால் பேரிடர்க் கணக்கில் அது ஒரு பிரதிதான். மூன்றாவதைத் திருச்சி, கோவை மாதிரி உள்நாட்டில் வையுங்கள், அல்லது மும்பை, ஹைதராபாத் தரவு மையங்களில் கிடைக்கும் மேகச் சேமிப்பு. சர்வரையும் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்று இருக்கிறது. கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்கை சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டி முழுவதும் படித்து செக்சம் பாருங்கள். அலமாரியில் சும்மா கிடக்கும் டிஸ்க் கெட்டுப்போனது, தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

---

மஞ்சக்குப்பம் நூலகர்

ரொம்ப நன்றி. பேக்கிட் என்பது எனக்குப் புதிது. தனி மென்பொருளா? இன்னொன்று: இதழ்களின் விவரத்தை எக்செலில் அடித்து வைத்திருக்கிறோம், சுமார் 900 கட்டுரை. ஃபைல் பெயர்கள் எல்லாம் தமிழில். அப்படியே ஏற்றலாமா?

---

பாகூர் ஏரி

மென்பொருள் இல்லை, ஃபோல்டர் ஒழுங்கு. 2018இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணைய ஆவணமாக வந்தது. ஒரு ஃபோல்டர், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் உங்கள் டிஃப்கள். வெளியே பேக்கிட் பதிப்பைச் சொல்லும் இரண்டு வரி டெக்ஸ்ட் ஃபைல். பக்கத்தில் மேனிஃபெஸ்ட்: ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி, 64 எழுத்து ஷா-256 செக்சம், பிறகு கோப்பின் பாதை. ஒரு பிட் மாறினாலும் செக்சம் மாறும், ஒரு ஃபைல் குறைந்தாலும் தெரியும். எந்த மென்பொருளும் இல்லாமல் நோட்பேடில் திறந்து படிக்கலாம் என்பதுதான் அதன் பலம். டிஸ்க் மாறும்போதும், ஸ்கேன் ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கும்போதும் இதையே கேளுங்கள். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

---

சுண்ணாம்பாறு

தமிழ் ஃபைல் பெயர் வேண்டவே வேண்டாம். விண்டோஸில் ஜிப் செய்து லினக்ஸில் பிரித்தால் பெயர் கலைய வாய்ப்பு அதிகம். மேக்கில் இருந்து வந்தால் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக வரலாம், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வேறு பெயர். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்: இதழ் குறி, ஆண்டு, இதழ் எண், கட்டுரை எண். சுவடிக்குக் கட்டு எண், ஏடு எண், முன்பக்கமா பின்பக்கமா. எண்களை 001 என்று மூன்று இலக்கமாக எழுதுங்கள், இல்லையென்றால் 10ஆம் ஏடு 2க்கு முன்னால் வந்து நிற்கும்.

எக்செலை ஏற்றும் வழி: டிஸ்பேஸின் எளிய காப்பக வடிவம். ஒரு கட்டுரைக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே டப்ளின் கோர் (தலைப்பு, ஆசிரியர், தேதி முதலிய புலங்களின் பொது வடிவம்) விவரம் ஒரு எக்ஸ்எம்எல், கண்டென்ட்ஸ் என்ற பெயரில் கோப்புப் பட்டியல், பிறகு பிடிஎஃப். பிழை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் வரும். வால் இல்லாத பெயர் அது. நோட்பேடில் சேமித்தால் டாட் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக்கொள்ளும், பிறகு "பட்டியலைக் காணோம்" என்று பிழை. முதலில் 10 ஃபோல்டரை மட்டும் சோதனை விருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள். இறக்குமதியின்போது உருவாகும் மேப்ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். 600இல் நின்றுபோனால் அதை வைத்துத்தான் தொடர முடியும். ஏற்றியது மொத்தமும் தப்பு என்றால் அதை வைத்துத்தான் திரும்ப எடுக்க முடியும். மேப்ஃபைல் இல்லாமல் மறுபடி ஓட்டினால் 600 கட்டுரை இரட்டையாகும்.

ஏற்றும் முன் எக்செலிலேயே திருத்த வேண்டியவை சில இருக்கின்றன.

ஆண்டு. தமிழ் மன்ற இதழ் என்கிறீர்கள். அட்டையில் திருவள்ளுவர் ஆண்டு 2018 என்று இருக்கும், அடிப்பவர் 2018 என்றே போட்டிருப்பார். 31ஐக் கழித்தால் 1987. இப்படி ஒரு இருபது இதழ் இருந்தால் கால வரிசையே கெட்டுப்போகும். 'பிரபவ, சித்திரை' என்று மட்டும் இருந்தால், பிரபவ 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஆனால் உங்கள் இதழ் 1970களில் தொடங்கியது என்பதால் அது 1987தான். தேதிப் புலத்தில் 1987-04 என்ற வடிவம் மட்டும். அட்டையில் உள்ளபடி தமிழ் ஆண்டை வேறு புலத்தில் எழுதலாம்.

பெயர். லட்சுமணன் ச., ச. இலட்சுமணன், ச.லட்சுமணன் எல்லாம் ஒரே ஆள் என்று டிஸ்பேஸுக்குத் தெரியாது, மூன்று ஆசிரியராகக் காட்டும். பெயர், காற்புள்ளி, தலைப்பெழுத்து என்று ஒரு விதி வைத்து, அதை இடையில் மாற்றாதீர்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற கருவி வைத்து ஒத்த பெயர்களைக் கொத்தாகப் பிடிக்கலாம்.

எழுத்து. முழு எக்செலையும் யூனிகோடு என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். தனித்தனியாக அடித்த கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். ஆனால் 'கௌரி'யை 'கெளரி' என்று, அதாவது ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு, அடித்திருந்தால் என்எஃப்சி திருத்தாது. அது கணினிக்கு நிஜமாகவே வேறு சொல். 'கெள', 'மெள', 'பெள' என்று தேடிக் கையால் பாருங்கள். வேர்டிலிருந்து ஒட்டியபோது வந்த கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்குங்கள்.

தேடலில் ஒரு சிறு தந்திரம். டிஸ்பேஸ் தேடல் ஆங்கிலச் சொல்லின் விகுதியை வெட்டும், தமிழ் வேற்றுமை உருபு அதற்குத் தெரியாது. 'கடலூர்' என்று தேடினால் 'கடலூரில்', 'கடலூரின்' வராது. 'கடலூர்' என்று அடித்து நட்சத்திரக் குறி போட்டாலும் வராது, ஏனென்றால் 'ரி'யில் புள்ளி இல்லை. புள்ளியை விட்டு 'கடலூர*' என்று போட்டால் எல்லாம் வரும். இதை உதவிப் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

1990களின் டிடிபி பிடிஎஃப்கள் இருந்தால் உள்ளே இருப்பது தமிழ் எழுத்து அல்ல, பழைய எழுத்துரு ஒட்டிய ஆங்கில எழுத்து. முழு உரைத் தேடலில் குப்பையாக ஏறும். அவற்றைப் படமாக்கி டெசராக்ட் என்ற மென்பொருளின் தமிழ்த் தரவு வைத்து ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை எடுத்தல்) செய்து ஏற்றுங்கள். நல்ல அச்சில் பரவாயில்லை, மங்கிய தட்டச்சில் தடுமாறும். தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதை மூலப் பாடமாகக் காட்டாதீர்கள்.

---

கெடிலக்கரை

ஒரு மாற்றுக் கருத்து. ஆள் ஒருவர், உதவி வாரம் இரண்டு நாள். இதற்கு டிஸ்பேஸ் கனமான வண்டி. ஜாவா, நோட், சோலார், போஸ்ட்கிரெஸ் நான்கையும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஜாவா, நோட் பதிப்புத் தேவை மாறும். நிறுவும்போது அடிக்கடி மாட்டுவது: முகப்பில் 500 பிழை. பெரும்பாலும் காரணம், முகப்பால் பின்புறத்தின் முகவரியை எட்ட முடியவில்லை, அல்லது எஸ்எஸ்எல் சான்றிதழின் இடைநிலைச் சங்கிலியைப் போடவில்லை. பிரவுசர் மன்னிக்கும், நோட் மன்னிக்காது. சோலாரின் 8983ஐ வெளி உலகுக்குத் திறந்தே விடக்கூடாது, இயல்பாக அதற்குக் கடவுச்சொல் கிடையாது.

ஓமேகா எஸ் என்ற மாற்று மென்பொருள் என்றால் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், சாதாரண ஹோஸ்டிங்கே போதும். சுவடிப் படங்களுக்கும் இதழுக்கும் அழகாக இருக்கும். குறை: செக்சம் சோதனை உள்ளே இல்லை, ஆய்வேடு ஒப்படைக்கும் நடைமுறையும் இல்லை. பிஎச்.டி. ஆய்வேடுகள் எப்படியும் பல்கலைக்கழகம் வழியாக ஷோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போகின்றன. அதுவும் டிஸ்பேஸ்தான், 10603 என்ற ஹேண்டில் முன்னொட்டில். அங்கே இருப்பதை மறுபடி ஸ்கேன் செய்வதை விட, எம்.ஃபில். தட்டச்சுப் படிகளை முதலில் எடுங்கள். அவை இணையத்தில் வேறெங்கும் இருக்க வாய்ப்பு குறைவு.

---

முத்தியால்பேட்டை

கெடிலக்கரை சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் 1,800 ஆய்வேடும் ஒப்புதல் நடைமுறையும் இருக்கும்போது டிஸ்பேஸ்தான் பொருந்தும் என்பது என் கட்சி. எதைப் போட்டாலும் பேக்கிட் பொதியும் எக்செலும் வெளியே உயிரோடு இருந்தால் மென்பொருளை மாற்றலாம். அதை விட்டுவிட்டு மென்பொருள் சண்டை போடுவதில் பயனில்லை.

முகவரி விஷயம் விட்டுப்போனது. டிஸ்பேஸ் நிறுவியதும் ஹேண்டில் முன்னொட்டு 123456789 என்று இருக்கும். அது மாதிரிக்கு வைத்தது, உலக ஹேண்டில் அமைப்பில் திறக்காது. பல களஞ்சியங்கள் அதோடேயே ஓடுகின்றன. மாணவர்கள் அந்த முகவரியை மேற்கோளில் எழுதிய பிறகு மாற்றுவது வலி. தொடங்கும் முன் பதிவு செய்து சொந்த முன்னொட்டு வாங்குங்கள், ஆண்டுக்கு 50 டாலர். நிர்வாகம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கல்லூரி டொமைனில் ஒரு துணை டொமைன், அதையாவது மாற்றாதீர்கள். ஐபி எண்ணை முகவரியாகக் கொடுக்கவே கூடாது. கோஹா பதிவில் இணைய முகவரிக்கான 856ஆம் புலத்தில் இந்த முகவரியை இடுங்கள், அச்சுப் படியும் மின்படியும் ஒன்றையொன்று காட்டும்.

இரவில் தானாக ஓட வேண்டியவை: பிடிஎஃபிலிருந்து உரையும் சிறுபடமும் எடுக்கும் ஃபில்டர்-மீடியா, பிற களஞ்சியங்கள் விவரம் அறுவடை செய்ய ஓஏஐ (விவரங்களைப் பகிரும் நெறிமுறை) இறக்குமதி, செக்சம் சோதனை. ஓஏஐக்குத் தனி இண்டெக்ஸ், அதை ஓட்டாவிட்டால் உங்கள் தளத்தில் தெரியும் புது ஆய்வேடு தேசிய மின்னூலகம் மாதிரி அறுவடை செய்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. செக்சம் சோதனை ஓடினால் மட்டும் போதாது, அதன் முடிவு மின்னஞ்சலில் வரும்படி வையுங்கள்.

---

உப்பளம்

உரிமை பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி இதழ் என்பதால் கட்டுரை கல்லூரிக்குச் சொந்தம் ஆகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும். 1970களில் எழுதிய மாணவர் இன்று உயிரோடு இருப்பார். ஆசிரியர் பெயர் தெரியாத, புனைபெயரில் வந்த கட்டுரைக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. ஆக உங்கள் இதழ்களில் பெரும்பாலானவை இன்னும் உரிமைக்குள்தான். விவரத்தை எல்லாருக்கும் திறந்து, கோப்பை அனுமதி வந்தவற்றுக்கு மட்டும் திறங்கள். டிஸ்பேஸில் கோப்பு மட்டத்திலேயே அனுமதிக் கொள்கை வைக்கலாம், தொடக்கத் தேதி கொடுத்தால் அந்த நாளில் தானாகத் திறக்கும். அனுமதிக் கடிதங்களையும் ஸ்கேன் செய்து அதே பதிவோடு, நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி இணையுங்கள். ஆய்வேட்டில் நேர்காணல் கொடுத்தவர்களின் தொலைபேசி எண், முகவரிப் பின்னிணைப்பு இருக்கிறதா என்றும் ஏற்றும் முன் புரட்டிப் பாருங்கள்.

---

மஞ்சக்குப்பம் நூலகர்

எல்லாருக்கும் நன்றி. எம்.ஃபில். தட்டச்சுப் படிகளில் தொடங்குகிறோம், கிரேஸ்கேல் 300. ஹேண்டில் முன்னொட்டுக்குக் கடிதம் எழுதியாயிற்று. கடைசியாக ஒன்று: பேக்கப் சரியாக இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? டம்ப் ஃபைலின் அளவைப் பார்த்தால் போதுமா?

---

முத்தியால்பேட்டை

போதாது சார். டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்ற டம்ப்பும் பெரிதாகத்தான் இருக்கும். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் அதே பதிப்பு போஸ்ட்கிரெஸ், டிஸ்பேஸ் போட்டு, பேக்கப்பிலிருந்து மட்டும் எழுப்புங்கள். அசல் சர்வரை ஒரு வார்த்தைகூடக் கேட்கக்கூடாது. எழுந்ததும் இண்டெக்ஸைக் கட்டி, செக்சம் சோதனையை முழுவதும் ஓட்டுங்கள். பிறகு பழையதில் பத்து, சென்ற வாரம் ஏறியதில் பத்து, ஆக இருபது கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள். சென்ற வாரத்தது திறக்கவில்லை என்றால் டம்ப்பும் நகலும் வரிசை மாறி ஓடுகின்றனவா என்று கிரான் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் கால அட்டவணை) நேரத்தைப் பாருங்கள். எழுப்ப எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து, செய்த கட்டளைகளைத் தாளில் அச்செடுத்து சர்வர் அறையில் ஒட்டுங்கள். அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை.